செட்டிகுளத்தில் இறங்கியவர்கள்

(செட்டிகுளத்தில் நடைபெற்ற எமது சங்க அங்கத்தவர் சந்திப்பில், தோட்டப் பாடசாலை ஆசிரியையும் சங்க அமைப்பாளருமான தோழர் ஆற்றிய உரை. பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)



இன்று காலை நாங்கள் கோச்சியை விட்டு இறங்கியபோது ஒரு சின்ன விஷயம் நடந்தது. எங்களோடு வந்த ஒரு தங்கச்சி, கொழுந்து பறிக்கிற பிள்ளை, இவ்வளவு தூரம் வடக்கே வருவது இதுதான் முதல் தடவை. ஸ்டேசன் வாசலில் எல்லோருடைய டிக்கட்டையும் வாங்கிக்கொண்டார்கள். அது வழமைதானே. ஆனால் அவளுக்கு முகம் வாடிவிட்டது. "ஞாபகமா வெச்சிக்கலாம்னு நெனச்சேன் டீச்சர், புடுங்கிட்டாங்க" என்றாள். நாங்கள் சிரித்தோம். பெரியப்பா மட்டும் சிரிக்கவில்லை. எங்களைக் கூட்டிப்போக வந்திருந்த அவர், "எங்கிட்டயும் அப்படித்தான் வாங்கினாங்க. அது மட்டும் கையில இருந்திருந்தா எனக்கு இன்னைக்கு இந்தக் கஷ்டம் இல்ல" என்றார்.

இந்த ஸ்டேசனின் சரித்திரத்தைப் பற்றிப் பேசச் சொல்லி என்னைக் கேட்டிருந்தார்கள். ஒரு மாதமாகக் குறிப்பு எழுதி வைத்திருந்தேன். பெரியப்பா சொன்ன அந்த ஒரு வார்த்தைக்குப் பிறகு குறிப்பின் வரிசையை மாற்றிக்கொண்டேன். முன்வரிசையில்தான் இருக்கிறார். நான் பிழையாகச் சொன்னால் எழும்பித் திருத்துவார், அவர் குணம் அப்படி.

முதலில் பாதையைப் பற்றிச் சொல்ல வேண்டும். மதவாச்சியில் யாழ்ப்பாணப் பாதையிலிருந்து பிரிந்து, செட்டிகுளம், மடு றோட், முருங்கன், மன்னார், பேசாலை என்று போய் தலைமன்னார்த் துறையில் முடிகிற 106 கிலோமீற்றர் பாதை இது. வரைபடத்தைப் பார்த்தால் ஒரு கேள்வி வரும். நூறு வருஷத்துக்கு முன் இந்தப் பக்கம் என்ன இருந்தது? குளம், வயல், காடு, அங்கங்கே ஊர்கள். பெரிய பட்டணம் இல்லை, தொழிற்சாலை இல்லை. அப்படிப்பட்ட காட்டை வெட்டி வெள்ளைக்காரன் ஏன் தண்டவாளம் போட்டான்? செட்டிகுளத்து நெல்லை ஏற்றவா?

எங்களுக்காகப் போட்டான், தோழர்களே. எங்களுடைய வசதிக்காக இல்லை, எங்களைக் கொண்டுபோவதற்காக.

கோப்பிக் காலத்தில் எங்களுடைய ஆட்கள் வள்ளங்களில் வந்து மன்னார்க் கரையில் இறங்கி நடந்தே போனார்கள். மன்னாரிலிருந்து மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை, மாத்தளை. இருநூறு கிலோமீற்றருக்கு மேல். தண்ணி இல்லாத காடு, கொலரா, அம்மை, காய்ச்சல். நடக்க முடியாதவர்களை வழியில் விட்டுவிட்டுப் போனார்கள். எத்தனை பேர் செத்தார்கள் என்று யாரும் ஒழுங்காக எண்ணவில்லை. எண்ணியது கங்காணியின் கடன் கணக்கை மட்டும். நாங்கள் இன்று ஏ-14 என்று சொல்கிற, இந்த மண்டபத்துக்கு முன்னால் போகிற மதவாச்சி–மன்னார் வீதி கிட்டத்தட்ட அந்த வழிதான். 2023 ஜூலை 28ஆம் திகதி தலைமன்னாரில் தொடங்கி ஓகஸ்ட் 12ஆம் திகதி மாத்தளையில் முடிந்த நடைபயணத்தில் நம் ஆட்கள் இந்த வீதியால்தான் நடந்தார்கள். அதில் நானும் கொஞ்ச தூரம் நடந்தேன். தார் வீதி, தொப்பி, தண்ணிப் போத்தல், பின்னால் வாகனம், இவ்வளவும் இருந்தும் இரண்டாம் நாள் காலில் கொப்புளம். அப்போதுதான் எனக்கு அந்தக் காலத்துக் கர்ப்பிணிப் பெண்களின் நினைவு வந்தது.

பிறகு 1890களின் கடைசியில் நோய்ப் பயத்தால் அந்த வழியை மூடினார்கள். தூத்துக்குடியில் கப்பலேற்றி கொழும்பில் இறக்கி, ராகம முகாமில் அடைத்து வைத்து மலைக்கு அனுப்பினார்கள். தோட்டங்களோ கூடிக்கொண்டே போயின. தேயிலை, அதற்குமேல் இறப்பர். ஆள் வேண்டும், சீக்கிரம் வேண்டும், நோயில்லாமல் வேண்டும். அதற்கு வழி இரண்டு பக்க ரயிலையும் கடலில் சேர்ப்பது. அந்தப் பக்கம் பாம்பன் பாலம் 1914 பெப்ரவரியில் திறந்தார்கள். மார்ச் மாதம் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையில் நீராவிக் கப்பல் ஓடத் தொடங்கியது. கர்சன், எல்ஜின், ஹார்டிங்க் என்று மூன்று கப்பல்கள், மூன்றுக்கும் வைஸ்ராய்களின் பெயர். மதராசில் ஏறினால் கொழும்புக்கு ஒரே டிக்கட். 'போட் மெயில்' என்று பெயர். தபாலும் வந்தது, துரைமாரும் வந்தார்கள், வியாபாரிகளும் வந்தார்கள். மூன்றாம் வகுப்பில் நாங்கள் வந்தோம்.

என் வகுப்புப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லும்போது அவர்களுக்குப் பிடித்தது வேறு ஒரு விஷயம். இந்தியப் பக்கம் தண்டவாளம் ஒடுக்கம், ஒரு மீற்றர் அகலம். எங்கள் பக்கம் ஐந்தரை அடி. ஆகவே இடையில் கடல் இல்லாவிட்டாலும் அந்த ரயில் இந்தத் தண்டவாளத்தில் ஓடியிருக்காது. ஒரு பையன் கேட்டான்: "அப்ப டீச்சர், நம்ம தாத்தாமார் பெரிய கோச்சிக்கு மாறினாங்களா?" ஆமாம் என்றேன். பெரிய கோச்சிதான், போய்ச் சேர்ந்த காம்பராதான் சின்னது.

இப்போது டிக்கட்டுக்கு வருகிறேன். மண்டபம் முகாமில் சில நாட்கள் அடைத்து, ஊசி போட்டு, உடுப்பை அவித்து, அதற்குப் பிறகுதான் கப்பலேற்றுவார்கள். ஆளுடைய கழுத்தில் ஒரு தகர வட்டைத் தொங்கவிடுகிற முறை ஒன்று அந்தக் காலத்தில் இருந்தது. அந்தத் தகரத்தில் போகவேண்டிய தோட்டத்தின் இலக்கம் பொறித்திருக்கும். ஆளுடைய பெயர் இராது. ரயில் சத்தத்தைத் தோட்டத்தின் கணக்கில் எழுதுவார்கள், தோட்டம் அதைக் கங்காணியின் கணக்கில் எழுதும், கங்காணி தொழிலாளியின் தலையில் எழுதுவான். ஆக, ஏறும்போதே கடன். நாங்கள் பயணம் செய்த டிக்கட் எங்களுடையது இல்லை. சாமான் பெட்டியில் விலாசம் ஒட்டுவார்களே, அதுதான் எங்களுக்கும் ஒட்டினார்கள்.

அப்படி வந்தவர்கள் செட்டிகுளத்தைக் கடந்துதான் போனார்கள். 1914 தொடக்கம், இந்திய அரசாங்கம் 1939இல் தொழிலாளரை அனுப்புவதைத் தடை செய்யும்வரை, இருபத்தைந்து வருஷம். யாராவது ஜன்னலால் எட்டிப் பார்த்து, "இதென்ன நல்ல வயலாக இருக்கு, குளமும் இருக்கு, நம்ம ஊர் மாதிரி இருக்கு, இங்கேயே இறங்கிக்கலாமே" என்று நினைத்திருக்கலாம். புதுக்கோட்டையிலும் திருச்சியிலும் சேலத்திலும் இருந்து வந்த விவசாயிகள்தானே. குளமும் வரப்பும் அவர்களுக்குத் தெரிந்த மொழி. தேயிலைச் செடியைத்தான் அவர்கள் அதுவரை கண்ணால் கண்டதில்லை. ஆனால் இந்த ஸ்டேசனில் இறங்க அவர்களுக்கு உரிமை இருக்கவில்லை.

செட்டிகுளத்துக்காரர் கோபிக்கக் கூடாது, உங்களுக்கும் இந்த ஸ்டேசன் இருந்தது. ஊர்ப் பெரியவர்கள் சிலரோடு நேற்றைக்கு முன்தினம் தொலைபேசியில் கதைத்தேன். வெங்கலச்செட்டிகுளம் என்றுதான் பிரதேச செயலகப் பலகையில் முழுப்பெயர் இருக்கிறது, கோச்சிக்காரருக்கு அவ்வளவு நீளம் தேவைப்படவில்லை, செட்டிகுளம் போதும் என்று ஒருவர் பகிடி விட்டார். கடிகாரம் இல்லாத வீடுகளில் கோச்சிச் சத்தம்தான் மணி. பேசாலை, தலைமன்னார்க் கருவாட்டு மணம் பெட்டியோடு வந்து பெட்டியோடு போகும். ஆவணியில் மடு மாதா திருவிழாவுக்குச் சனம் நிறைந்து வரும், கூரையில்கூட ஏறி வருவார்கள். பெரியாஸ்பத்திரிக்கு, கச்சேரிக்கு, கல்யாணத்துக்குச் சேலை வாங்க என்று எல்லாவற்றுக்கும் அதே கோச்சி. ஒற்றைப் பாதை என்பதால் ஒரு கோச்சி வருமட்டும் மற்றது ஸ்டேசனில் காத்து நிற்கும். அந்தக் காத்து நிற்கிற நேரம் என் குடும்பத்துக் கதையில் வரும், கொஞ்சம் பொறுங்கள்.

1948இல் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. நாடற்றவர்கள் ஆனோம், வாக்கில்லாதவர்கள் ஆனோம். அதைப் பற்றி நம் பத்திரிகையில் பல தடவை எழுதியிருக்கிறோம், இங்கே நீட்டவில்லை. 1964 ஒக்டோபரில் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம். 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 150,000 பேரைப் பற்றிப் பிறகு பேசலாம் என்றார்கள். பிறகு 1974இல் அதையும் ஆளுக்குப் பாதி 75,000 என்று பிரித்தார்கள். மாட்டுப் பட்டி பிரிக்கிறவன்கூட கன்றையும் தாயையும் ஒரு பக்கம் விடுவான். ஒப்பந்தம் போட்ட இரண்டு மாதத்தில் டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்தது. அதன்பிறகு கப்பல் இராமேஸ்வரத்துக்கு ஓடியது.

அந்த வருஷங்களில் அட்டனிலும் நானுஓயாவிலும் பதுளையிலும் ஏறியவர்கள் இதே பாதையால் திரும்பிப் போனார்கள். வந்தபோது மதவாச்சிப் பக்கம் பார்த்துக்கொண்டு போன கோச்சி, இப்போது தலைமன்னார்ப் பக்கம். மலையில் அந்தக் கோச்சிக்கு 'ஒப்பாரிக் கோச்சி' என்று பெயர். மு. சிவலிங்கம் அந்தப் பெயரிலேயே கதை எழுதினார். ஸ்டேசன் மேடையில் ஒரு குடும்பமே உருண்டு அழும். கோச்சி நகரும்போது கையை விடாமல் ஓடுவார்கள். மூன்று லட்சத்துக்கும் அதிகமானவர்கள் அப்படிப் போனார்கள். தகப்பனுக்கு இந்தியப் பாஸ்போட், மகனுக்கு இலங்கைப் பிரஜாவுரிமை, கட்டிக்கொடுத்த மகளுக்கு இன்னும் பதில் வரவில்லை என்று ஒரே காம்பராவுக்குள் மூன்று நாடு.

எங்கள் வீட்டில் அப்படித்தான். பெரியப்பா 1974இல் தோட்டத்தை விட்டு வெளியேறினார். அந்த வருஷம் மலையில் என்ன நடந்தது என்று வயதானவர்களுக்குத் தெரியும். தோட்டத்தில் வேலை வாரத்துக்கு இரண்டு மூன்று நாள், அரிசி இல்லை, மாவு இல்லை. பசியில் ஆட்கள் செத்தார்கள். வன்னியில் வயல் வேலை இருக்கிறது, சோறு இருக்கிறது என்று கேள்விப்பட்டு, பொல்காவலையில் ஒன்று, மதவாச்சியில் ஒன்று என்று கோச்சி மாறி மாறி வந்து இந்த ஸ்டேசனில் இறங்கினார். கையில் ஒரு சாக்கு, ஒரு கத்தி, ஒரு அட்டை டிக்கட். டிக்கட்டை வாசலில் வாங்கிக்கொண்டார்கள்.

யோசித்துப் பாருங்கள். அவருக்கு முன் இரண்டு தலைமுறை இந்த ஸ்டேசனைக் கடந்து போனது. தன் சொந்தக் காசில், தன் சொந்த முடிவில், 'செட்டிகுளம்' என்று அச்சடித்த டிக்கட் வாங்கி இறங்கிய முதலாவது ஆள் எங்கள் குடும்பத்தில் அவர்தான்.

கூலிக்கு வயல் வேலை செய்தார், காடு வெட்டினார், கொட்டில் போட்டார். நான்கைந்து வருஷத்தில் அவருடைய தங்கச்சிக்கு, எனக்கு அத்தை, இந்தியாவுக்குப் போகச் சொல்லிக் கடிதம் வந்துவிட்டது. எந்தத் திகதியில் கோச்சி ஏறுகிறோம் என்று அத்தை எழுதியிருந்தார். பெரியப்பா அன்று காலையிலிருந்து ஸ்டேசனில் நின்றார். தன் கையால் விளைந்த முதல் நெல்லைக் குத்தி, ஒரு சின்னப் பையில் அரிசி கொண்டுபோயிருந்தார். கோச்சி இங்கே நிற்குமா நிற்காதா என்றே அவருக்குத் தெரியாது. அதிர்ஷ்டம், எதிர்க் கோச்சிக்காக நின்றது. அவர் முன்பக்கம் ஓடினார். ஒவ்வொரு ஜன்னலாகப் பெயர் சொல்லிக் கத்தினார். எல்லா ஜன்னலிலும் அழுத முகம், எல்லாம் தெரிந்த முகம் மாதிரியே இருந்ததாம். எதிர்க் கோச்சி வந்து இந்தக் கோச்சி நகரத் தொடங்கியபோது கடைசிப் பெட்டியிலிருந்து ஒரு கை அசைந்தது. "நான் இந்தப் பக்கம் ஓடிட்டேன், அவ அந்தப் பக்கம் இருந்திருக்கா" என்று இன்றைக்கும் சொல்வார். அரிசிப் பையை வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுவந்தார். அதைச் சமைக்க மனம் வரவில்லை என்று பெரியம்மா சொல்லக் கேட்டிருக்கிறேன்.

அத்தை கூடலூர்ப் பக்கம் போய்ச் சேர்ந்தார், அங்கேயும் தேயிலைதான். கடிதம் மட்டும் ஒழுங்காக வந்தது. அந்தக் கடிதங்களை மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருவேன்.

பெரியப்பாவைப் போல எத்தனையோ பேர். 1958 கலவரத்துக்குப் பிறகு கொஞ்சம், பஞ்சத்தில் கொஞ்சம், 1977இல் அடித்து விரட்டப்பட்டு ஏராளம், 1981, 1983. வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவு என்று மூன்று பக்கமும் போனார்கள். வவுனியாவை மையமாக வைத்து டேவிட் ஐயாவும் டொக்டர் ராஜசுந்தரமும் நடத்திய காந்தீயம் அமைப்பு அவர்களைக் குடியேற்றியது. கிணறு, பாலர் பாடசாலை, மருந்து. அதற்குக் கிடைத்த பரிசு, 1983 ஏப்ரலில் இருவரும் கைது. ஜூலை 27ஆம் திகதி வெலிக்கடைச் சிறைக்குள் டொக்டர் ராஜசுந்தரம் கொல்லப்பட்டார். நம்மைக் குடியிருத்தியது குற்றமாகப் பார்க்கப்பட்ட காலம் அது. இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். வன்னிக்கு வந்த நம் ஆட்களை எல்லோரும் கைநீட்டி வரவேற்கவில்லை. நல்லவர்கள் இருந்தார்கள், நிலம் கொடுத்தவர்கள் இருந்தார்கள். காடு வெட்டும் வரைக்கும் பேசாமல் இருந்து, வெட்டி முடிந்ததும் 'இது எங்கட காணி' என்று வந்தவர்களும் இருந்தார்கள். 'தோட்டக்காட்டான்' என்ற சொல்லைப் பெரியப்பா மலையில் கேட்டதைவிட இங்கேதான் அதிகம் கேட்டார்.

1984இல் கப்பல் நின்றது. போகக் காத்திருந்தவர்கள் பாஸ்போட்டோடு லயத்திலேயே தங்கிவிட்டார்கள். அவர்களுக்குப் பிரஜாவுரிமை கிடைத்து முடிய 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரைக்கும் போனது. 1990 ஜூனில் சண்டை மறுபடி தொடங்க, கோச்சியும் நின்றது. மன்னார்ப் பாலம் உடைந்தது. வடக்கில் தண்டவாளமும் சிலிப்பர் கட்டையும் பங்கருக்குப் போயின. ஸ்டேசன் இருந்த இடத்தில் பற்றை. இருபத்துமூன்று வருஷம்.

அந்த இருபத்துமூன்று வருஷத்தில்தான் உலகத்துக்கே செட்டிகுளம் என்ற பெயர் தெரிந்தது. 2009இல் மெனிக் பாம். இரண்டு லட்சத்துக்கும் அதிகமானவர்களை முள்ளுக்கம்பிக்குள் வைத்திருந்தார்கள். உள்ளே இருந்தவர்களில் நம் ஆட்களும் நிறையப் பேர், கிளிநொச்சிக்கும் முல்லைத்தீவுக்கும் போய்க் குடியேறியவர்கள். பெரியப்பாவோடு ஒரே தோட்டத்தில் பிறந்த ஒருவரை அந்த வேலிக்கு அப்பால் கண்டார். மண்டபம் முகாம் எப்படி இருக்கும் என்று தன் அப்பா சொன்ன கதையை அன்றைக்குத்தான் விளங்கிக்கொண்டேன் என்றார். அந்த முகாம் 2012 செப்டெம்பரில் மூடப்பட்டது.

அடுத்த வருஷம், 2013 மே 14, இந்தியக் கடனுதவியில் இர்கொன் கம்பனி திருத்திக் கொடுத்த பாதையில் மதவாச்சியிலிருந்து மடு றோட் வரைக்கும் கோச்சி திரும்ப ஓடியது. தலைமன்னார் வரைக்கும் 2015 மார்ச் 14, இந்தியப் பிரதமர் மோடி வந்து கொடியசைத்தார். நல்ல விஷயம், நாங்கள் குறை சொல்லவில்லை. ஆனால் தொழிற்சங்கக்காரி என்ற முறையில் ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. தண்டவாளம் புதுசு, சிக்னல் புதுசு, கடவைக்கு நிறுத்திய ஆளுக்கு மட்டும் பழைய காலத்துச் சம்பளம். பொலிஸ் மூலம் எடுத்து, நாளுக்கு 250 ரூபா என்று நிறுத்தினார்கள். மலையில் நாள் சம்பளம் 1000 ரூபா ஆன 2021இல், அதுவே போதாது என்று நாங்கள் சத்தம் போட்டுக்கொண்டிருந்தபோது, இந்தப் பிள்ளைகள் வெயிலிலும் இரவிலும் 250 ரூபாவுக்குக் கதவு பிடித்தார்கள். அதே 2021 மார்ச்சில் தலைமன்னாரில் பஸ்ஸும் கோச்சியும் மோதி ஒரு பாடசாலைப் பிள்ளை செத்தது. கடவைக் காப்பாளர்களுடைய போராட்டத்துக்கு நம் சங்கம் துண்டுப்பிரசுரம் அடித்துக் கொடுத்தது சரிதான், அதோடு நிற்கக் கூடாது. அவர்களில் நம் பிள்ளைகளும் இருக்கிறார்கள்.

இனி பெரியப்பாவின் கஷ்டம். அவர் இருக்கும் காணி ஒன்றரை ஏக்கர். ஐம்பது வருஷமாக இருக்கிறார். நான்கு பிள்ளைகள் இங்கே பிறந்தார்கள். தென்னை காய்க்கிறது. உறுதி இல்லை, பெர்மிட் இல்லை. ஒரு பழைய கடிதம் இருந்தது, இடம்பெயர்ந்தபோது போய்விட்டது. உறுதி இல்லாததால் வீட்டுத்திட்டம் இல்லை, வங்கிக் கடன் இல்லை, கிணறு ஆழப்படுத்த மானியம் இல்லை. ஒரு அலுவலகத்துக்குக் கூட்டிப்போனேன். எந்த அலுவலகம் என்பது இங்கே முக்கியமில்லை. மேசைக்குப் பின்னால் இருந்தவர் மரியாதையாகத்தான் கேட்டார்: "ஐயா, நீங்கள் எந்த வருஷம் இங்க வந்தனீங்கள், அதுக்கு என்ன ஆதாரம்?"

என்ன ஆதாரம்? டிக்கட்டை வாசலில் வாங்கிக்கொண்டார்கள். வாங்கிய ஸ்டேசனும் இல்லை. அரிசிக் கூப்பன் புத்தகம் எரிந்துவிட்டது. அவருக்கு இரண்டு நாட்டுச் சட்டத்திலும் பெயர் இருந்தது, ஒரு துண்டு நிலத்தில் இல்லை. மலையில் லயத்தில் இருநூறு வருஷம் இருந்தும் நிற்கிற மண் தோட்டக் கம்பனியினுடையது என்கிறார்களே, அதே கதைதான் இங்கே வேறு காகிதத்தில் எழுதியிருக்கிறது. அதனால்தான் மலையிலிருந்து உங்களைக் கூட்டிக்கொண்டு வந்தேன். வன்னிக்குப் போனவர்களுக்காவது காணி கிடைத்துவிட்டது என்று நம் தோட்டங்களில் ஒரு நினைப்பு இருக்கிறது. நேரில் பாருங்கள்.

அன்று வெறுங்கையோடு வீட்டுக்கு வந்தோம். பெரியம்மா தேத்தண்ணி போட்டுக்கொண்டே, "அந்தக் கடுதாசிப் பொட்டிய பாத்தீங்களா?" என்றார். நாங்கள் இரண்டு பேரும் அந்தப் பெட்டியை நினைக்கவே இல்லை. அத்தையின் கடிதங்கள். ஒவ்வொரு இடப்பெயர்விலும் பெரியம்மா அரிசியை விட்டாலும் அதை விடவில்லை. பிஸ்கட் பெட்டிக்குள் பொலித்தீன் சுற்றி இருந்தது. நீல நிற வான்கடிதங்கள். விலாசத்தில் பெரியப்பாவின் பெயர், குடியேற்றத்தின் பெயர், செட்டிகுளம். ஒரு பக்கம் இந்திய முத்திரை, மறுபக்கம் நம் தபால் கந்தோர் குத்திய சீல், திகதியோடு. மிகப் பழையது 1979. கிட்டத்தட்ட நாற்பத்தைந்து வருஷமாக இந்த அரசாங்கத்தின் தபால்காரரே அந்த ஆளை அந்தக் காணியில் வைத்துக் கண்டுபிடித்துக் கொடுத்திருக்கிறார்!

பத்தொன்பது கடிதம். படப்பிரதி எடுத்து, சங்கத்தின் கடிதத்தோடு கொடுத்திருக்கிறோம். மூத்த மகளின் பிறப்புச் சான்றிதழும், பாடசாலைச் சேர்வுப் பதிவேட்டின் பிரதியும் சேர்த்துக் கொடுத்தோம். பாடசாலைப் பதிவேடு என்பது நல்ல ஆயுதம், நான் ஆசிரியை என்பதால் சொல்கிறேன். பிள்ளை எந்த விலாசத்திலிருந்து எந்தத் திகதி சேர்ந்தது என்று அதில் இருக்கும், அதை அழிக்க யாருக்கும் மனம் வராது. இன்னும் முடிவு வரவில்லை. 'பரிசீலனையில் உள்ளது' என்று ஒரு பதில் வந்திருக்கிறது. பெரியப்பா அதையும் பிஸ்கட் பெட்டிக்குள் வைத்துவிட்டார்.

இன்றைக்கு நான் உங்களிடம் கேட்பது அந்தப் பெட்டியைத்தான். ஒவ்வொரு வீட்டிலும் ஒன்று இருக்கும். பழைய கடிதம், கல்யாணப் பத்திரிகை, ஆஸ்பத்திரித் துண்டு, வாக்காளர் அட்டை, கூப்பன் புத்தகத்தின் மட்டை, இந்தியாவுக்குப் போனவர்கள் அனுப்பிய படம், அதன் பின்பக்கம் எழுதிய திகதி. எது உதவும் எது உதவாது என்று நீங்களே முடிவு செய்து எறிந்துவிடாதீர்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு இதே மண்டபத்தில் சங்கத்திலிருந்து நான்கு பேர் இருப்போம். படப்பிரதி இயந்திரம் கொண்டுவருகிறோம், மூலப்பிரதியை உங்கள் கையிலேயே திருப்பித் தருவோம், ஒன்றையும் வாங்கி வைத்துக்கொள்ள மாட்டோம். ஒரு பெரிய சீ.ஆர். கொப்பியும் இருக்கும். எந்தத் தோட்டத்திலிருந்து வந்தீர்கள், எந்த வருஷம், கோச்சியிலா லொறியிலா, யார் கூட்டி வந்தது, முதலில் எந்த இடத்தில் கொட்டில் போட்டீர்கள், பக்கத்துக் காணியில் அப்போது யார் இருந்தது, எல்லாவற்றையும் எழுதுவோம். பக்கத்துக் காணிக்காரர் சாட்சி சொல்ல முன்வந்தால் அவர் கையெழுத்தும். செட்டிகுளத்துப் பழைய குடும்பங்களை இதற்காகவே கேட்டுக்கொள்கிறேன்: உங்களுக்குத் தெரியும் இவர்கள் எப்போது வந்தார்கள் என்று. வந்து ஒரு கையெழுத்துப் போடுங்கள். நடக்க முடியாதவர்கள் யாராவது இருந்தால் தங்கச்சிமாரிடம் பெயரைக் கொடுங்கள், நாங்களே வீட்டுக்கு வருகிறோம். எண்பது வயதுக்கு மேல் இருப்பவர்களை முதலில் பார்ப்போம்.

மலைக்குத் திரும்புகிறவர்கள் கவனிக்கவும், கோச்சிக்கு இன்னும் ஒன்றரை மணித்தியாலம் இருக்கிறது. பெரியம்மாவும் இந்த ஊர்ப் பெண்களும் சாப்பாடு சமைத்திருக்கிறார்கள். இந்த மண்ணில் விளைந்த அரிசிதான். சாப்பிட்டுவிட்டுப் புறப்படுவோம். பெரியப்பா இரண்டு பை அரிசி தனியாகக் கட்டி வைத்திருக்கிறார், யாராவது தூக்க உதவி செய்யுங்கள், இந்தத் தடவை நான் முன்பெட்டியில் ஏறுவேன் என்று அவரிடம் சொல்லியிருக்கிறேன்.